செய்தித்தாளில் பாதி வாக்கியம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வருகிறது. எழுத்தறிந்த பிள்ளை பள்ளிக்கு வெளியே முதன்முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் தேநீர்க் கடைப் பலகையில் கிடக்கும் செய்தித்தாளைத்தான். ஆகவே செய்தித்தாளை எவ்வாறு படிப்பது என்பதைப் பற்றி, அதிலும் இன்னார் இவ்வாறு பேசினார் என்று அச்சிடப்படும் வாக்கியங்களை எவ்வாறு படிப்பது என்பதைப் பற்றி, இன்று சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன். வெள்ளி விழாவில் பேசுவதற்கு இது ஒரு பொருளா என்று நம் செயலாளர் சற்றே தயங்கினார். அவருக்கு விடையாக நான் கூறிய நிகழ்ச்சியையே உங்களுக்கும் கூறித் தொடங்குகிறேன்.

கழகம் தொடங்கிய மூன்றாம் ஆண்டு விழாவில் நானும் ஒரு பேச்சாளன். அப்போது உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். நான் அன்று பேசியதன் சாரம் இது: நம் பிள்ளைகள் கணக்கிலும் ஆங்கிலத்திலும் பின்தங்கியிருக்கிறார்கள், பள்ளியில் கணக்காசிரியர் பணியிடம் இரண்டாண்டுகளாகக் காலியாகக் கிடக்கிறது, விடுதியில் அறுபது பிள்ளைகளுக்கு மூன்று குழல் விளக்குகள், அவற்றில் எரிவது ஒன்று, இந்நிலையில் எந்தச் சாதிப் பிள்ளையாயினும் பின்தங்கத்தான் செய்வான், ஆசிரியரையும் விளக்கையும் கொடுத்துவிட்டு ஓராண்டு கழித்து வந்து பாருங்கள். மறுநாள் செய்தித்தாளில் நான்கு வரிகள் வந்தன. 'நம் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கியிருக்கிறார்கள்: ஆதிதிராவிடர் விழாவில் ஆசிரியர் ஒப்புதல்' என்பது தலைப்பு. ஆசிரியர் இன்மையும் இல்லை, விளக்கும் இல்லை.

அன்பர்களே, அச்செய்தியில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. 'பின்தங்கியிருக்கிறார்கள்' என்று நான் சொன்னது உண்மை. ஆனால் காரணத்தைக் காட்டுவதற்காக நான் எடுத்துவைத்த முதற்படியை, முடிவு என்று அச்சிட்டுவிட்டார்கள். 'கூறினார்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'ஒப்புதல்' என்ற சொல் வந்து அமர்ந்தது. குற்றம் செய்தவன் அல்லவா ஒப்புக்கொள்வான்?

பத்து நாள் கழித்து விளக்குக்கும் ஆசிரியருக்கும் மனுக் கொடுக்கச் சென்றோம். உரிய அலுவலர் அந்தச் செய்தித் துண்டைக் கோப்பிலிருந்து எடுத்து எங்கள் முன் வைத்தார். 'உங்கள் ஆசிரியரே சொல்லியிருக்கிறாரே' என்றார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமற்போனது இன்னொன்று. எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையனை அவன் தந்தை விடுதியிலிருந்து அழைத்துச் செல்ல வந்தார். செங்கற்சூளைக்குச் செல்லும் குடும்பம் அது. 'ஐயா, இவனுங்களுக்குப் படிப்பு வரலேன்னு நீங்களே பேப்பர்ல சொல்லிட்டீங்களாமே. அப்புறம் இங்க எதுக்கு ஐயா?' என்று கேட்டார். யாரோ அவருக்கு அதைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். நான் பேசியது முழுவதையும் அவரிடம் திரும்பச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அச்சில் வந்ததற்கு இருக்கும் மதிப்பு என் வாய்ச்சொல்லுக்கு இல்லை. பையன் போய்விட்டான், திரும்பவில்லை.

அந்நிருபர் நம் மீது பகை கொண்டவர் என்று நான் நினைக்கவில்லை. இளைஞர், தாம் பன்னிரண்டு வரிகள் எழுதி அனுப்பியதாகவும், அலுவலகத்தில் நான்கை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிட்டதாகவும் வருத்தத்தோடு கூறினார். அவர் கூறியதில் ஐயுற எனக்குக் காரணமில்லை. செய்தி எழுதும் முறையிலேயே இதற்கு இடம் இருக்கிறது. முதன்மையானதை முதலிலும், குறைந்ததை அடுத்தும், விளக்கங்களைக் கடைசியிலும் எழுதவேண்டும் என்பது நிருபர்களுக்குக் கற்பிக்கப்படும் பாடம். இடம் போதாவிடில் துணையாசிரியர் அடியிலிருந்து வெட்டிக்கொண்டு வருவார். நம்மவர் மேடைப் பேச்சோ இதற்கு நேர்மாறானது. தலைவரை வாழ்த்தி, வந்தோரை வாழ்த்தி, நம் குறைகளைத் தாழ்மையோடு சொல்லி, கோரிக்கையை இறுதியில் வைக்கிறோம். ஆகவே கத்தரிக்கோல் வரும் இடத்தில் நம் கோரிக்கையே நிற்கிறது! ஒரு மணி நேரப் பேச்சை நான்கு அங்குலத்தில் அடக்கவேண்டியவர் எதையேனும் விட்டுத்தான் ஆகவேண்டும். அதில் எனக்குப் பூசல் இல்லை. விட்டது போக எஞ்சியதைப் பேசியவரிடம் காட்டினால், 'ஆம், இதுவே என் கருத்து' என்று அவர் சொல்லக்கூடுமா என்பதுதான் கேள்வி.

சிறியவனாகிய எனக்கு நேர்ந்தது இவ்வளவு. அண்ணல் அம்பேத்கருக்கு நேர்ந்ததை இனிப் பார்ப்போம்.

'அம்பேத்கரே இட ஒதுக்கீடு பத்தாண்டுகளுக்குப் போதும் என்றார்.' இவ்வாக்கியத்தைக் கேளாதவர் இவ்வவையில் இருக்கமாட்டார். ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவோர் எழுதுகின்றனர், கட்டுரையாளர் எழுதுகின்றனர், அரசியல்வாணர் பேசியதாகச் செய்தி வருகிறது. கல்லூரியில் சேர்ந்த நம் பிள்ளையிடம் பக்கத்து இருக்கை மாணவன் கேட்கிறான்: 'உங்கள் தலைவரே பத்தாண்டு என்றாரே, நீ எப்படி இங்கே வந்தாய்?' நம் பிள்ளை தலை குனிகிறான். எங்கே சொன்னார், எப்போது சொன்னார், எதைப் பற்றிச் சொன்னார் என்று திருப்பிக் கேட்க அவனுக்குத் தெரியவில்லை. அந்த மூன்று கேள்விகளையும் இன்று நாம் கேட்டுப் பார்ப்போம்.

இடம், அரசியல் நிர்ணய சபை. நாள், 1949 ஆகஸ்டு 25. விவாதத்துக்கு வந்தது, நகல் அரசியல் சட்டத்தில் 295-அ என்று எண்ணிடப்பட்டு, இன்று 334 என்று விளங்கும் விதி. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் நமக்கு உள்ள தனித் தொகுதிகள் பத்தாண்டுகளுக்குப் பின் முடிவுறும் என்பது அதன் பொருள். கல்லூரி இடத்தைப் பற்றியோ அரசுப் பணியைப் பற்றியோ அவ்விதியில் ஒரு சொல்லும் இல்லை. அரசுப் பணி 16-ஆம் விதியின் 4-ஆம் பிரிவில் இருக்கிறது. கல்வி 15-ஆம் விதியின் 4-ஆம் பிரிவில் இருக்கிறது. அதுவும் செண்பகம் துரைராசன் வழக்கில் நம் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாதென்று தீர்ப்பான பிறகு, 1951-ல் முதல் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. இவ்விரண்டிற்கும் ஆண்டுக் கணக்கு எதுவும் விதிக்கப்படவில்லை.

அன்று அண்ணல் என்ன பேசினார்? பத்தாண்டு போதும் என்றாரா? தாம் இதனினும் நீண்ட காலத்தை வலியுறுத்த அணியமாக இருந்ததாகக் கூறினார். மற்றச் சிறுபான்மையினர் நெடுங்காலமாகச் சட்டமன்றப் பிரதிநிதித்துவத்தின் பயனைப் பெற்று வந்திருக்க, ஒடுக்கப்பட்டோர் அதை மெய்யாக நுகர்ந்தது 1937-க்குப் பிறகு மிகச் சில ஆண்டுகளே என்று எடுத்துக்காட்டினார். சபை தாராள மனத்தோடு கூடுதலான காலம் அளித்திருந்தால் அது தகுதியாக இருந்திருக்கும் என்றார். ஆனால் பத்தாண்டு என்பது சபை ஏற்றுக்கொண்ட முடிவு. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற வி. ஐ. முனுசாமிப் பிள்ளை, நாகப்பா ஆகிய உறுப்பினர்களும் அதற்கு இசைந்திருந்தனர். ஆகவே அதிலிருந்து பின்வாங்குவது முறையன்று என்றார். பத்தாண்டு கழிந்தும் நிலை உயரவில்லையெனில், அதே பாதுகாப்பைப் பெறப் புதிய வழிகளைக் காண்பது நம் மக்களின் ஆற்றலுக்கும் அறிவுக்கும் அப்பாற்பட்டதன்று என்றும் கூறி முடித்தார். அவ்விதி பத்தாண்டுக்கு ஒரு முறை நீட்டிக்கப்பட்டு, 2019-ல் நிறைவேறிய 104-ஆம் திருத்தத்தால் 2030 வரை நிற்கிறது.

கவனியுங்கள். இங்கே இரண்டு வெட்டுகள் விழுந்திருக்கின்றன. 'சட்டமன்றத் தொகுதி' என்பதை வெட்டியதால் சட்டமன்றத்துக்கு உரிய காலவரையறை கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் பரவிவிட்டது. 'சபையின் முடிவு' என்பதை வெட்டியதால், கூடுதல் காலம் வேண்டுமென்று வருந்திய மனிதரே பத்தாண்டு போதும் என்றவராக ஆகிவிட்டார். எஞ்சி நிற்பவை 'அம்பேத்கர்', 'பத்தாண்டு' என்னும் இரண்டு சொற்களே. அவ்விரண்டும் உண்மையாக இருப்பதால்தான் இக்கூற்று இத்தனை ஆண்டுகளாகச் சாகாமல் இருக்கிறது.

அடுத்தது இதனினும் கடினமானது. ஏனெனில் இதில் அண்ணல் அவ்வாறே சொல்லியிருக்கிறார். அரசியல் சட்டத்தை எரிக்கும் முதல் ஆளாகத் தாமே இருப்பதாக அவர் கூறினார் என்று எழுதுகிறார்கள். கூறினார்; மறுப்பதற்கில்லை. 1953 செப்டம்பர் 2 அன்று மாநிலங்களவையில், ஆந்திர மாநில மசோதா விவாதத்தில் கூறினார். அப்போது அவர் அமைச்சர் அல்லர். 1951-லேயே பதவியைத் துறந்துவிட்டார். மொழிவழி மாநிலம் ஒன்று அமையும்போது அங்கே பெரும்பான்மைச் சாதியின் கை ஓங்கிவிடும், சிறுபான்மையினரைக் காக்க ஆளுநருக்குத் தனி அதிகாரம் வேண்டும் என்பது அன்று அவர் வாதம். 'அரசியல் சட்டத்தை ஆக்கியவர் நீங்கள்தானே?' என்று குறுக்கிட்டனர். அச்சினத்தில் பிறந்தது அச்சொல். எனக்கு இது வேண்டாம், எவருக்கும் இது பொருந்தாது என்றார்.

அத்தோடு நிறுத்துகிறார்கள். அவர் நிறுத்தவில்லை. அது எவ்வாறாயினும், இதைக்கொண்டு நம் மக்கள் ஆட்சி நடத்த விரும்பினால், நாட்டில் பெரும்பான்மையினரும் சிறுபான்மையினரும் இருக்கின்றனர் என்பதை மறத்தலாகாது. உங்களைத் தனியே கருதினால் ஜனநாயகத்துக்குத் தீங்கு என்று சொல்லிச் சிறுபான்மையினரைப் புறக்கணிக்க முடியாது. அவர்களுக்கு ஊறு செய்வதிலிருந்துதான் மிகப் பெரிய தீங்கு வரும் என்றார். அவர் எழுந்து நின்றதே இதைச் சொல்வதற்குத்தான். அரசியல் சட்டத்தை மாற்றி எழுத விரும்புவோர் இன்று மேற்கோள் காட்டுவது முதல் வரியை. அவ்வரியைச் சொன்னவரின் குறையோ, அச்சட்டம் எளியோருக்கு அளிக்கும் காப்புப் போதவில்லை என்பது. எவ்வளவு தொலைவு பாருங்கள்!

நம்மில் சிலர், 'கோபத்தில் சொன்னார், பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார்' என்று சமாதானம் கூறுவதுண்டு. அதுவும் சரியன்று. 1955 மார்ச் 19 அன்று, நான்காம் திருத்த மசோதா விவாதத்தில், அனூப் சிங் என்ற உறுப்பினர் இதை நினைவூட்டினார். அன்று அவசரத்தில் காரணம் சொல்லாமல் விட்டேன், இப்போது சொல்கிறேன் என்று அண்ணல் விளக்கினார். தெய்வம் குடியிருக்கக் கோயில் கட்டினோம். தெய்வத்தை அமர்த்துமுன் அசுரன் புகுந்துகொண்டால் கோயிலை இடிப்பதன்றி வேறென்ன செய்வது என்பது அவர் விடையின் கருத்து. அசுரனை அழிக்கலாமே, கோயிலை ஏன் அழிக்கவேண்டும் என்று மற்றோர் உறுப்பினர் கேட்டார். அது முடியாது என்று, பழைய பிராமண நூலில் வரும் தேவாசுரப் போர்க் கதையைச் சொன்னார் அண்ணல். சொன்னதை அவர் விழுங்கவில்லை, காரணத்தைச் சேர்த்தார். முதற்பேச்சில் காரணம் விடுபட்டதை அவரே ஏற்றுக்கொண்டதால், பதினெட்டு மாதங்கள் அவ்வாக்கியம் காரணமின்றி உலவியதற்குப் பத்திரிகைகளை மட்டும் குறைகூற இயலாது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

நேர்மை என்ற சொல் வந்துவிட்டதால் நம் வீட்டுக் கத்தரிக்கோலையும் காட்டிவிடுகிறேன். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் ஆற்றிய நிறைவுரை பலரும் அறிந்தது. சுடுகாட்டுப் பாதைக்காக நம்மவர் சாலையில் அமர்ந்தால், மறுநாள் தலையங்கத்தில் 'அராஜகத்தின் இலக்கணம்' என்ற அவருடைய தொடர் வந்துவிடும். சத்தியாக்கிரகத்தையும் ஒத்துழையாமையையும் கைவிடவேண்டும் என்று அவர் சொன்னது உண்மை. அரசியல் சட்ட வழிகள் திறந்திருக்கும்போது என்ற நிபந்தனையோடு சொன்னார். அதே உரையில், 1950 சனவரி 26 முதல் அரசியலில் சமத்துவமும் சமுதாய, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வுமாக ஒரு முரண்பாட்டுக்குள் நுழைகிறோம், இதை விரைந்து நீக்காவிடில் ஏற்றத்தாழ்வால் துன்புறுவோர் இந்த அரசியல் ஜனநாயகக் கட்டடத்தையே தகர்த்துவிடுவர் என்றும் எச்சரித்தார். தலையங்கம் எழுதுவோர் அப்பக்கத்துக்கு வந்து சேர்வதில்லை.

நாமோ அப்பக்கத்தை மட்டும் சுவரொட்டியில் அச்சிடுகிறோம். முன்னதை விட்டுவிடுகிறோம். அரசியலில் தனி மனிதரைப் பக்தியோடு வழிபடுவது சீரழிவுக்கும் இறுதியில் சர்வாதிகாரத்துக்கும் வழி என்று அவ்வுரையிலேயே அவர் சொன்னதை அறவே விட்டுவிடுகிறோம். இக்கழகத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அவ்வுரை வெளியாயிற்று. பழைய உறுப்பினர்கள் தங்கள் படியை எடுத்துப் பாருங்கள். பக்தியைப் பற்றிய பகுதி அதில் இராது. பக்கம் போதவில்லை என்று அப்போது காரணம் சொன்னோம். அம்மலரில் தலைவர்களின் வாழ்த்துப் படங்களுக்கு ஆறு பக்கங்கள் இருந்தன. அம்மலரின் பதிப்பாசிரியன் நான்தான்.

நமக்கென்று பத்திரிகை வேண்டும் என்று நம் முன்னோர் ஏன் கருதினர் என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழை நிறுவினார். அண்ணல் 1920 சனவரி 31-ல் 'மூக்நாயக்' கண்டார். 'மூக்நாயக்' வெளிவரும் செய்தியைக் கட்டணம் பெற்று விளம்பரமாக வெளியிடவும் 'கேசரி' மறுத்தது என்று தனஞ்சய் கீர் எழுதிய வரலாறு கூறுகிறது. 1943-ல் புனாவில் ரானடேயைப் பற்றிப் பேசுகையில், ஒரு காலத்தில் உயர்தொழிலாக இருந்த பத்திரிகைத் துறை இப்போது வாணிபமாகிவிட்டது, சோப்புச் செய்வதற்கு உள்ளதைவிட மிகுந்த அறநோக்கம் எதுவும் அதற்கு இல்லை என்று அண்ணல் கசந்து கூறினார். ஆனால் நமக்கென்று இதழ் இருந்தால் மட்டும் குறை தீராது என்பதற்கு நம் பத்தாம் ஆண்டு மலரே சான்று.

ஆகவே கழகத்துக்குச் சில வேண்டுகோள்கள். மராட்டிய அரசு 1979 முதல் வெளியிட்டுவரும் அண்ணலின் எழுத்தும் பேச்சும் தொகுதிகளில், 13-ஆம் தொகுதியில் அரசியல் நிர்ணய சபைப் பேச்சுகளும் 15-ஆம் தொகுதியில் நாடாளுமன்றப் பேச்சுகளும் உள்ளன. விடுதி நூலகத்தில் அவற்றைப் பூட்டிவைக்காமல் மேசைமேல் வைக்கவேண்டும். தமிழாக்கங்களும் உடன் இருக்கட்டும். சனிக்கிழமை மாலைகளில் மாணவர்கள் ஒரு பெரிய குறிப்பேட்டில் இடப்புறம் செய்தித் துண்டை ஒட்டி, வலப்புறம் அப்பேச்சின் முன்வரியையும் பின்வரியையும் எழுதிப் பழகட்டும். இப்போது கைப்பேசியில் ஒரே ஒரு வரியைப் படமாக்கி அனுப்பும் வழக்கம் நம்மவரிடையேயும் பெருகியிருக்கிறது. அதற்கும் அக்குறிப்பேட்டில் இடம் உண்டு.

விழாவில் பேசுவோர் கோரிக்கையை முதலில் பேசுங்கள். அதையே அரைத்தாளில் எழுதி நிருபர் கையில் கொடுத்துவிடுங்கள். வாழ்த்துகளைப் பிறகு சொல்லலாம். வெட்டுப்பட்டால் அவை போகட்டும். திரிந்த செய்தி வந்தால் அவ்வாரத்துக்குள் ஆசிரியருக்கு மறுப்பு எழுதி, அதன் படியைக் கழகக் கோப்பில் வைக்கவேண்டும். நான் எழுதிய மறுப்பு எட்டாம் நாள் மூன்று வரிகளாக வந்தது. அதையும் வெட்டியிருந்தார்கள் என்பது வேறு கதை. பத்திரிகைக் குழுவிடம் முறையிடவும் முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்கவேண்டும் என்பது விதி. அக்குழு கண்டிக்கும், தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆயினும், அச்சேறிய ஒன்றுக்கு எதிராக அச்சேறிய மற்றொன்று நம் கோப்பில் இருந்திருந்தால், அன்று அந்தத் தந்தையின் முன் நான் வெறுங்கையோடு நின்றிருக்கமாட்டேன்.

முதற் சனிக்கிழமைப் பயிற்சிக்கு நம் பத்தாம் ஆண்டு மலரையே எடுத்துக்கொள்ளும்படி மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். விடுபட்ட பகுதியைத் தமிழில் எழுதி, அது எந்தப் பக்கத்தில் எந்த வரிக்குப் பின் வரவேண்டும் என்று குறித்து நூலகரிடம் இன்று காலை கொடுத்திருக்கிறேன். இவ்வெள்ளி விழா மலரில் இடம் இருந்தால் அதையும் சேர்த்து அச்சிடுமாறு பதிப்புக் குழுவினரை வேண்டுகிறேன்.